சரிசெய்யாமல் விட்ட இசைத்தட்டு

அன்பு மகள் யாழினிக்கு,

நீ அனுப்பிய ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ மறுவெளியீட்டுப் பெட்டி பழுதில்லாமல் வந்து சேர்ந்தது. 1988இல் வந்த தட்டை 2018இல் இத்தனை செலவு செய்து மீண்டும் கொண்டுவந்த மெட்டாலிகா என்ற அமெரிக்க மெட்டல் இசைக்குழுவினர், காதில் விழாத அளவுக்கு அமுங்கிக் கிடக்கும் அந்த பேஸ் கிட்டாரை (கீழ்ச்சுருதியில் ஒலிக்கும் கிட்டாரை) மட்டும் ஏன் சரிசெய்யவில்லை என்று கேட்டிருந்தாய். நீயே பேஸ் வாசிப்பவள். உனக்குக் கோபம் வருவதில் வியப்பில்லை.

அவர்கள் செய்தது ரீமாஸ்டர் மட்டுமே. முடிந்துபோன மிக்ஸிங்கை, அதாவது எல்லாக் கருவிகளின் ஒலியையும் அளவு பார்த்துச் சேர்த்த கலவையை, அப்படியே எடுத்துக்கொண்டு, அதன் ஒட்டுமொத்த ஒலி அளவையும் தெளிவையும் சீர்ப்படுத்துவதோடு அந்த வேலை நின்றுவிடும். பேஸை உயர்த்த வேண்டுமானால், ஒவ்வொரு கருவியும் தனித்தனியாகப் பதிவான மூல நாடாக்களுக்குத் திரும்பிப் போய் மிக்ஸிங்கையே புதிதாகச் செய்ய வேண்டும். அதை அவர்கள் தெரிந்தே தவிர்த்தார்கள். அது சரியான முடிவு என்பதே என் கருத்து.

குழுவில் பேஸ் வாசித்த கிளிஃப் பர்ட்டன் 1986 செப்டம்பரில் ஸ்வீடனில் பேருந்து விபத்தில் இறந்த பிறகு, அவருடைய இடத்துக்கு வந்தவர் ஜேசன் நியூஸ்டெட். புதிதாக வந்தவரை மற்றவர்கள் சீண்டியதன் விளைவாகவே பேஸ் அமுக்கப்பட்டது என்று ரசிகர்கள் சொல்வார்கள். அது பாதி உண்மையாக இருக்கலாம். டிரம்ஸ் வாசிக்கும் லார்ஸ் உல்ரிக்தான் பேஸைக் குறைக்கச் சொன்னார் என்று மிக்ஸிங் செய்தவர்களில் ஒருவரான ஸ்டீவ் தாம்சன் பேட்டிகளில் கூறியிருக்கிறார். ஆனால் வேறு காரணங்களும் உண்டு. ஜேசன் பெரும்பாலும் குழுவின் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் ரிதம் கிட்டாரை (பாடலின் தாளக்கட்டைத் தாங்கும் கிட்டாரை) அடியொற்றியே வாசித்ததால், அடர்ந்த அந்தக் கிட்டார் ஒலிக்குள் பேஸ் அமிழ்ந்துபோனது. போதாக்குறைக்கு, வான் ஹேலன் என்ற ராக் குழுவோடு பெருந்திடல்களில் நிகழ்ச்சி நடத்திக்கொண்டே இடையிடையே மிக்ஸிங்குக்குப் பறந்து வந்தவர்களின் காதுகள் களைத்துப்போயிருந்தன.

அந்தக் குறையோடு சேர்ந்துதான் இத்தட்டுக்கு வறண்ட, எலும்பு தெரியும் ஒலி வாய்த்தது. ‘ஒன்’ பாடலின் பிற்பகுதியில் காலால் அடிக்கும் இரட்டை பேஸ் டிரம்மும் கிட்டாரும் இயந்திரத் துப்பாக்கி போல ஒன்றாக வெடிக்கும் இடத்தைக் கேட்டுப் பார். அங்கே அடியில் இதமான பேஸ் ஒன்று பரவியிருந்தால், போரில் கைகால்களையும் பார்வையையும் பேச்சையும் இழந்து படுத்திருப்பவனின் கதைக்கு அது பொருந்தியிருக்காது. பேஸை உயர்த்தி ரசிகர்கள் தாங்களே தயாரித்த வடிவங்களையும் கேட்டிருக்கிறேன். அவை இனிமையாகவே இருக்கின்றன. ஆனால் முப்பது ஆண்டுகளாக மக்கள் சண்டையிட்டும் நேசித்தும் வந்தது அந்த இனிமையான தட்டை அன்று. மறுவெளியீடு வரலாற்றைத் துடைத்துக் காட்டலாம். திருத்தி எழுதக் கூடாது.

பெட்டியில் என்னைக் கட்டிப்போட்டவை, பாடலாவதற்கு முந்தைய ரிஃப்களும் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குகளும்) அரைகுறை டெமோக்களும் (முன்னோட்டப் பதிவுகளும்)தான். ஒன்பது நிமிடங்களுக்கும் மேல் நீளும் ‘டு லிவ் இஸ் டு டை’, கிளிஃப் விட்டுச்சென்ற ரிஃப்களிலிருந்து கட்டப்பட்டது என்பதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த முறை ‘பிளாக்கண்ட்’ பாடலை நல்ல ஹெட்ஃபோனில் கேள். இத்தட்டில் ஜேசனுக்கும் ஆக்கத்தில் பங்கு தரப்பட்ட ஒரே பாடல் அது. கிட்டாருக்கு அடியில் அவருடைய விரல்களை உன் காது பிரித்தெடுக்கிறதா என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா