பெற்றோர் வீடு பெற்றோர் பெயரிலேயே இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வயதானவர்கள் இருக்கும் பல வீடுகளில் இந்தப் பேச்சு அடிபடுகிறது. "நாளைக்குப் படுத்துட்டா ஹோம் நர்ஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் எல்லாம் போயிடும், இப்பவே எங்க பேருக்கு எழுதி வச்சிருங்க." சொல்வது பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள். அவர்கள் இருக்கும் ஊரில் அதற்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவில் முதியோர் பராமரிப்புச் செலவை மெடிக்கெய்ட் என்ற, வசதி குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவித் திட்டம் ஏற்க வேண்டுமானால் சொத்து ஓர் அளவுக்குள் இருக்க வேண்டும், அதற்காக முன்கூட்டியே கைமாற்றினாலும் பெரும்பாலான மாநிலங்களில் முந்தைய 5 வருடக் கணக்கைத் தோண்டிப் பார்ப்பார்கள். இங்கிலாந்திலும் தனியாக வாழ்ந்தவர் முதியோர் இல்லத்துக்குப் போனால், அரசு உதவி உண்டா என்று பார்க்கும்போது பொதுவாக வீட்டின் மதிப்பையும் கணக்கில் சேர்ப்பார்கள்.

இங்கே அப்படி எதுவும் கிடையாது. வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டால் அரசாங்கம் வந்து ஹோம் நர்ஸ் சம்பளம் கொடுக்கப் போகிறதா? 70 வயது தாண்டியவர்களுக்கான மத்திய அரசின் 5 லட்சம் ரூபாய் காப்பீடுகூட ஆஸ்பத்திரியில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்குத்தான், வீட்டில் ராப்பகலாக ஆள் வைத்துப் பார்க்கும் செலவுக்கு இல்லை. அந்தச் செலவுக்கு நம் ஊர்ப் பெரியவர்களிடம் இருப்பது அந்த வீடும் கொஞ்சம் நிலமும்தான், அதையும் எழுதிக் கொடுத்துவிட்டால் எதை வைத்துச் சமாளிப்பார்கள்?

எங்கள் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஒரு டீச்சர் மகன் பெயருக்குச் செட்டில்மென்ட் (பணம் வாங்காமல் குடும்பத்தாருக்குச் சொத்தைக் கொடுக்கும் பத்திரம்) எழுதிக் கொடுத்தார். மகன் கெட்டவன் இல்லை, தொழில் நொடித்ததால் வீட்டை வைத்துக் கடன் வாங்கியிருக்கிறான். இப்போது அந்த அம்மா இடுப்பு ஒடிந்து கிடக்கிறார், மாடியை ஒற்றிக்கு விட்டுப் பணம் புரட்டக்கூட அவரால் முடியவில்லை. பெயர் அவருடையதாக இருந்திருந்தால் ஒற்றிக்கு விட்டிருக்கலாம், பின்னால் கிடக்கும் நாலு செண்டை விற்றிருக்கலாம், வங்கியில் ரிவர்ஸ் மார்ட்கேஜ் கேட்டிருக்கலாம். அதில் 60 வயது தாண்டியவர்கள் சொந்த வீட்டிலேயே இருந்துகொண்டு தவணையாகப் பணம் வாங்கலாம், உயிரோடு அங்கே இருக்கும்வரை திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்குள் சண்டை வரக் கூடாது என்று நினைப்பவர்கள் உயில் எழுதினால் போதும். உயிலைச் சாகும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மென்ட் அப்படி இல்லை, பதிந்து கொடுத்த பிறகு மனம் மாறினால் நாமாகப் போய் ரத்து செய்துவிட முடியாது.

சரி, எழுதிக் கொடுத்தே ஆக வேண்டிய நிலைமை என்றால், ஆயுள் முழுக்க அனுபவிக்கும் உரிமையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். "என்னைச் சாகும்வரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007-ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி, அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நாகர்கோவிலில் கோட்டாட்சியரிடமும் பத்மநாபபுரத்தில் சப் கலெக்டரிடமும் மனு கொடுக்கலாம். நிபந்தனையோடுதான் கொடுத்தேன் என்று காட்டினால்தான் இந்தப் பிரிவு பொருந்தும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் ஒரு தாயின் வழக்கில், முதியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகவே இந்தச் சட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றது. ஆனாலும் வயதான காலத்தில் வழக்கும் வாய்தாவுமாக அலைவதற்கு அந்த ஒரு வரியை எழுதிவிடுவது எவ்வளவோ மேல்.

அப்புறம் இந்த பவர் பத்திரம், அதாவது நம் சார்பில் கையெழுத்துப் போட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம். அப்பாவுக்கு மறதி நோய் முற்றிய பிறகும் அவர் கொடுத்த பவர் கையில் இருக்கிறதே என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். சுயநினைவோடு முடிவெடுக்கும் திறன் போய்விட்டால் நம் சட்டப்படி அந்தப் பவரும் செல்லாது. வங்கிக் கணக்கில் நம்பிக்கையான ஒருவரைச் சேர்ப்பதையெல்லாம் நினைவு தெளிவாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.

மாவட்ட நிர்வாகத்துக்கும் பதிவுத் துறைக்கும் உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். செட்டில்மென்ட் பதிய வரும் 60 வயது தாண்டியவர்களைப் பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டு, பராமரிப்பு நிபந்தனை வேண்டுமா என்று சார்பதிவாளர் தனியாக ஒரு வார்த்தை கேட்க வேண்டும். 23-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்பதைப் பத்திர எழுத்தர்கள் உட்காரும் இடங்களில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தக்கலை.