ஊட்டிக்கு ஒரு பாசிட்ரான் கூடம் வேண்டும்: உயர்கல்வித் துறைக்குத் திறந்த மடல்

தமிழ்நாடு உயர்கல்வித் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

ஊட்டியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன் எழுதுகிறேன். மலைக் கல்லூரி மாணவர்களுக்குச் சிறிய எலக்ட்ரான் முடுக்கியோடு ஒரு பாசிட்ரான் ஆய்வுக்கூடம் வேண்டும். பாசிட்ரான் என்பது எலக்ட்ரானின் எதிர்த்துகள்; எடை அதேதான், மின்னூட்டம் மட்டும் நேர்.

முடுக்கி என்றதும் ஜெனீவாவில் செர்ன் ஆய்வு மையத்தின் 27 கிலோமீட்டர் சுரங்கம்தான் பலருக்கு நினைவு வரும். நான் கேட்பது புற்றுநோய் சிகிச்சைக்கு வைத்திருக்கும் லினாக் மாதிரியான இயந்திரம். அதே செர்ன் வளாகத்தில் ஜிபார் என்ற எதிர்ப்பொருள் சோதனைக்குப் பாசிட்ரான் தருவதே 9 மெகா எலக்ட்ரான்வோல்ட் (துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) முடுக்கிதான்.

எலக்ட்ரான்கள் டங்ஸ்டன் தகட்டில் மோதினால் காமாக் கதிர் கிளம்பும். 1.022 மெகா எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேற்பட்ட காமா, அணுக்கருவின் அருகே எலக்ட்ரான்-பாசிட்ரான் ஜோடியாக மாறும். இதுவரை சுலபம். பாசிட்ரான்கள் கண்ட திசையில், கண்ட வேகத்தில் பாயும். அவற்றை அடக்கத்தான் மெல்லிய டங்ஸ்டன் வலை. அதற்குள் வேகம் இழந்தவற்றில் சில மேற்பரப்பை எட்டும்; டங்ஸ்டனே அவற்றைச் சுமார் 3 எலக்ட்ரான்வோல்ட்டோடு வெளியே தள்ளிவிடும். ஆயிரத்தில் ஒன்று தேறினாலே பெரிய விஷயம். முடுக்கி இல்லாமல், தானே பாசிட்ரான் உமிழும் சோடியம்-22 மூலத்தை வைத்தும் செய்யலாம், ஆனால் பாசிட்ரான் கற்றை மெலிதாகத்தான் வரும்.

அந்த வலையை வெற்றிடத்தில் சுமார் 2000 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, உள்ளே இருக்கும் குறைகள் நீங்கப் பக்குவப்படுத்த வேண்டும். படிகத்தில் ஓர் அணு இல்லாத காலி இடம் இருந்தால் போதும், பாசிட்ரான் அதில் புகுந்து அங்கேயே எலக்ட்ரானோடு சேர்ந்து அழிந்துவிடும். கற்றை தயாரிக்கும்போது தொல்லை தரும் இதே குணம்தான் அப்புறம் கைகொடுக்கிறது. உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் அணு அளவு ஓட்டைகளைக் காட்டிக்கொடுப்பது அதுதான். கல்பாக்கத்தில் இந்த ஆய்வு நடக்கிறது.

ஏன் ஊட்டி? உயரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஊட்டிக்குப் பக்கத்து முத்தோரையில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் இருக்கிறது. காஸ்மிக் கதிர்களை ஆராயும் கிரேப்ஸ்-3 கூடத்தில் 6 மீட்டர் இரும்புக் குழாய்கள் அக்கதிர்களால் பிறக்கும் மியூவான் துகள்களை எண்ணுகின்றன. கருவி கட்டத் தெரிந்த கைகள் ஊரிலேயே உண்டு. நம் பிள்ளைகளோ அங்கே வேடிக்கை பார்த்துவிட்டு வருவதோடு சரி. அவர்கள் கழற்றி மாட்டிப் பழக ஒன்று வேண்டாமா?

கதிர்வீச்சைப் பற்றிக் கேட்பீர்கள். சுவிட்சை அணைத்தால் கற்றை நின்றுவிடும். ஆற்றலை 10 மெகா எலக்ட்ரான்வோல்ட்டுக்குள் வைத்தால் நியூட்ரான் தொல்லையும் குறைவு. கனமான கான்கிரீட் சுவரும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய அனுமதியும் கட்டாயம்தான், அதில் சலுகை கேட்கவில்லை.

இடம் பார்க்க ஒரு பொறியாளரை அனுப்புங்கள். மே சீசனில் வேண்டாம், ரூம் கிடைக்காது. ஜூலை மழையில் வரட்டும். உயர் மின்னழுத்தக் கருவிகளை இந்த ஈரத்திலிருந்து எப்படிக் காப்பது, கரண்ட் போனால் வெற்றிடப் பம்பை எதில் ஓட்டுவது என்று அப்போதுதான் சரியாகக் கணக்குப் போட முடியும்.