முழுக்கைச் சட்டை

கோவில்பட்டி

அன்பு மகன் குமாருக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீ அனுப்பிய போட்டோவை அம்மா பார்த்துக்கொண்டே இருக்கிறாள். கட்ச் பக்கம் இப்போது வெயில் இல்லையா, முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டுப் பொத்தானையும் மாட்டியிருக்கிறானே என்று கேட்கிறாள்.

தெற்குத் தெரு ரோட்டுக்குக் கரிசலில் சுண்ணாம்பு கலக்கிறார்கள். 100 கிலோ மண்ணுக்கு 5 கிலோ. போய் நின்று பார்த்தேன். சாயங்காலம் மண்வெட்டியில் அப்பிக்கொண்டு விடாத மண், காலையில் பொரிமாவு மாதிரி உதிர்ந்தது. ஒரு ராத்திரி ஊறவிட்டுத்தான் ரோலர் ஏற்றினார்கள். நீ சொன்னதை அந்தச் சின்ன இன்ஜினியரிடம் சொன்னேன்: சுண்ணாம்பின் கால்சியம் களிமண்ணின் ஏடுகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் மழைக்கு முன்போல உப்பாது, மாசக்கணக்கில் சிமெண்டாக இறுகும் என்று. என் மகன் படித்தது என்றேன். உனக்குத்தான் எங்களிடம் பேச நேரமில்லை.

நான் மண்ணில் போடுகிறவன், நீ மண்ணிலிருந்து உருவுகிறவன். களிமண்ணை ஆசிட்டில் வேகவைத்து, அதிலுள்ள அலுமினியம், இரும்பெல்லாம் கரைந்துபோய்ப் பொத்தல் விழுந்தால்தான் எண்ணெயின் நிறத்தைப் பிடிக்குமாம். பெரிய வேலைதான். ஆனால் கந்தக ஆசிட் சுண்ணாம்பு மாதிரி இல்லை. கையுறை போடு. தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. உனக்குத் தெரியாததா. மூன்று வாரமாகப் போன் இல்லை. கையுறை போடு.

சுண்ணாம்பு நீற்றவும் அதே கணக்குத்தான். தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகு கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக. உன் காலில் இருக்கிற தழும்பு, நீ விளையாட்டுக்குத் தொட்டியில் இறங்கியதால் வந்தது என்றுதான் அம்மா இன்றைக்கும் நினைக்கிறாள். அப்படிச் சொன்னது நான். அன்றைக்கு அவசரத்தில் கல்லை முதலில் கொட்டிவிட்டு, மூன்றாம் வகுப்புப் பையன் கையில் குடத்தைக் கொடுத்து ஊற்றச் சொன்னேன். கொதித்துத் தெறித்தது. அம்மா கேட்டபோது நீயும் ஆமாம் என்றாய். புண் ஆறும்வரை என் சாரத்தைக் கணுக்கால் மறைய இழுத்துக் கட்டிக்கொண்டு திரிந்தாய்.

கையை மடித்துவிட்டு ஒரு போட்டோ அனுப்பு. அம்மாவிடம் காட்ட மாட்டேன்.

அப்பா