திருகோணமலையின் இலகு நடைபாதைகள்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிருவாகக் குழுவினரே, அங்கத்தவர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தில் கேட்கப்பட்ட ஒரு கேள்வியே இவ்வாண்டு வேலை முழுவதையும் தீர்மானித்தது. ஒரு பாதையை 'இலகு' என்று எதை வைத்துச் சொல்கிறோம்? முழங்கால் நோவுள்ளவருக்கும் தள்ளுவண்டியில் பிள்ளையைக் கொண்டுவரும் தாய்க்கும் ஒரு பாதையின் மிக மோசமான பத்து மீற்றர்தான் அந்தப் பாதை. மற்றதெல்லாம் சமதரையாக இருந்தாலும், நடுவில் ஒரு மதகு உடைந்து கிடந்தால் அவர்கள் அங்கேயே திரும்பவேண்டியதுதான். எனவே புதுப் பாதை எதையும் சேர்க்காமல், இருக்கும் பாதைகளை அளந்து, பலவீனமான இடங்களைச் சீராக்கினோம்.

அளந்த முறையைப் பதிவு செய்கிறேன்; அடுத்த குழுவுக்கு உதவும். கைத்தொலைபேசி காட்டும் தூரத்தை நம்பவில்லை. அடர்ந்த மரங்களின் கீழ் அதன் கோடு அங்குமிங்கும் அலைந்து தூரத்தைக் கூட்டிக் காட்டும். சைக்கிளின் முன்சில்லில் ஒரு துணித்துண்டைக் கட்டி, காற்றை இறுக அடித்து, தரையில் பத்துச் சுற்று உருட்டி நாடாவால் அளந்து பத்தால் பிரித்தால் ஒரு சுற்றின் நீளம் கிடைக்கும். பிறகு பாதை முழுவதும் உருட்டிச் சுற்றுகளை எண்ணினால் போதும். சரிவுக்கு இரண்டு மீற்றர் நேரான பலகையும் மேசன்மாரின் நீர்மட்டமும். தாழ்ந்த முனையைத் தூக்கி மட்டமாக்கும்போது நிலத்துக்கும் பலகைக்கும் இடைவெளி 10 சென்ரிமீற்றர் என்றால் சரிவு 20க்கு 1. அதுவரை இலகு. இடைவெளி 17 சென்ரிமீற்றரை எட்டினால் சரிவு 12க்கு 1 ஆகிவிடும். குறுகிய தூரத்துக்கு, மேலும் கீழும் நின்று மூச்சுவாங்க இடம் இருந்தால் மட்டுமே அதை ஏற்கலாம்.

இந்த அளவுகோலில், பிரெட்றிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை செல்லும் வழியின் மேற்பகுதியை 'இலகு' பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். அங்கத்தவர் சிலருக்கு இதில் மனவருத்தம். ஆனால் ஏற முடியாதவரை ஏறலாம் என்று சொல்லி அழைத்துச் செல்வது சரியன்று. கீழ்ப்பகுதி பட்டியலில் இருக்கிறது. பெருமரங்களின் நிழலும் மான்கள் மேய்ந்து குட்டையாக வைத்திருக்கும் புல்லும் அதை ஒரு பூங்காவாகவே ஆக்கிவைத்திருக்கின்றன. மேலே செல்ல முடிந்தவர்கள் கடல் அமைதியான மாதங்களில் கோயில் நிற்கும் சுவாமிமலையின் விளிம்பில் சற்றுப் பொறுத்து நின்று பாருங்கள். நீலத்திமிங்கிலம் விடும் மூச்சு, வெள்ளைத் தூண்போல ஒருகணம் எழுந்து கலையும்.

மான்களைப் பற்றி இரண்டு விடயங்கள். சோற்றுப் பார்சலைச் சுற்றும் பொலித்தீன் தாளான லஞ்ச் சீற்றில் உப்பும் கறியும் ஒட்டியிருப்பதால் மான் அதையும் சேர்த்து விழுங்கும். அது செரிக்காமல் இரைப்பையில் திரண்டு அடைத்துக்கொள்ளும். வயிறு நிறைந்தது போலிருக்கும் மான் மெலிந்து சாகும். ஆகவே எமது நடைகளில் கோட்டைக்குள் உணவுப் பொதி எதுவும் கொண்டுவரக் கூடாது, பழத்தோல்கூட மான்களுக்குக் கொடுக்கக் கூடாது என்ற விதி தொடரும். மற்றது உண்ணி. புல்லில் அமர்ந்தவர்கள் வீடு சென்றதும் முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். கடித்திருந்தால் நுண்ணிடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுக்கவேண்டும். மண்ணெண்ணெய் பூசுவதும் சூடு வைப்பதும் உண்ணியைக் கடிவாய்க்குள் மேலும் கக்கவைக்கும்.

உட்துறைமுக வீதியோரப் பாதையில் குறை சொல்ல அதிகம் இல்லை. சமதரை, பஸ் வசதி, விளக்கு. மாலையில் வெயில் நேரே முகத்தில் அடிக்கும் என்பதால் காலை நடைக்கே பரிந்துரைக்கிறோம்.

ஆசனங்களில்தான் தவறிவிட்டோம். கடற்காற்றில் இரும்புக்கால் துருப்பிடித்தது. மண்ணில் நேரே ஊன்றிய மரக்கால்களைக் கறையான் தின்றது. வெறும் கொங்கிறீற் ஆசனம் காலை ஒன்பது மணிக்கே சுடத் தொடங்கியது. இப்போது கொங்கிறீற் கால்களின் மேல் மரச்சட்டங்களை இடைவெளிவிட்டுப் பொருத்தி, துருப்பிடிக்காத ஆணி கொண்டு இறுக்குகிறோம். இருக்கை உயரம் 45 சென்ரிமீற்றர். ஒரு பக்கமாவது கைப்பிடி வேண்டும்; முதியவர் எழும்புவது கையை ஊன்றித்தான். இடமும் முக்கியம். தென்னையின் கீழும் விளாமரத்தின் கீழும் வைக்கக் கூடாது, காய் விழும். நாவல் பழம் உதிரும் காலத்தில் தரை வழுக்கும். வேம்பின் நிழலே எல்லாவற்றிலும் நல்லது.

உப்புவெளிக் கடற்கரை நடையில் வற்று நேரத்தைக் கேட்டுப் புறப்படுவோர் இருக்கிறார்கள். எங்கள் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள உயர வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு; கடற்கரையின் அகலத்தைத் தீர்மானிப்பது பருவமே. வாடைக்காற்றுக் காலத்து அலை மணலை அரித்து, கரையில் இடுப்பளவு படியைக்கூட வெட்டிவிடும். அந்த மாதங்களில் இந்நடை இலகு அன்று. மற்றக் காலத்தில் ஈரமும் இறுக்கமும் உள்ள கீற்றில் நடவுங்கள். அது கடற்பக்கம் சாய்ந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே ஊன்றும். போன அளவு அதே கீற்றில் திரும்பி வந்தால் இரு இடுப்புக்கும் பாரம் சமமாகும். கரைவலை இழுக்கும் இடத்தில் கயிற்றைத் தாண்ட வேண்டாம். தொய்ந்து கிடக்கும் கயிறு ஒரு நொடியில் விறைத்து எழும். இழுப்பவர்களின் பின்னால் சுற்றிப் போகவேண்டும். களப்பு முகத்துவாரத்தின் மணல்திட்டு உடைந்திருந்தால், நீர் கணுக்கால் அளவே இருந்தாலும் அதுதான் நடையின் முடிவு. காலடி மணலை ஓட்டம் உருவிக்கொண்டே இருக்கும்.

கந்தளாய்க் குளக்கட்டு நான்கு கிலோமீற்றருக்கும் மேல் நீளமானது. நீர்க்காகங்களையும் நீரில் சாயும் வானத்தையும் பார்த்தபடி நடக்க இதைவிட நல்ல சமதரை எங்கள் மாவட்டத்தில் இல்லை. எனினும் அது நடைபாதையாகக் கட்டப்பட்டதன்று, நீரைத் தாங்கும் மண்கட்டு. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் அது உடைந்து நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதை இங்கு எவரும் மறக்கவில்லை. ஆகவே கட்டில் மண்வெட்டி வைப்பதில்லை, கம்பம் நடுவதில்லை, நிழலுக்கு மரம் வைப்பதில்லை. மரவேர் செத்து உக்கினால் அந்த வழியே நீர் புகும். அலைகரைக் கற்களில் இறங்கினால் கல் புரண்டு மண் வெளிப்படும். வெளிச்சரிவில் உடும்புப் பொந்தோ ஈரக்கசிவோ கண்டால் அருகிலுள்ள மைல்கல்லையோ நீர் திறந்துவிடும் துருசையோ அடையாளமாகக் குறித்து நீர்ப்பாசன அலுவலகத்துக்கு அன்றே அறிவியுங்கள். கசிவு தெளிவா கலங்கலா என்று சேர்த்துச் சொல்லவேண்டும். கலங்கல் என்றால் கட்டின் மண் நீரோடு போய்க்கொண்டிருக்கிறது. யானை நடமாட்டம் இருப்பதால் நன்றாக விடிந்தபின் இறங்கி, மாலை ஐந்து மணிக்குமுன் முடிக்கவேண்டும். சூடாறாத இலத்தி கண்டால் திரும்பிவிடுவதே விதி.

மகாவலி கொட்டியாரக் குடாவில் சேரும் பகுதியில், கங்கைக்கரை நடைகளை விளிம்பிலிருந்து ஐந்து மீற்றர் உள்ளே தள்ளியிருக்கிறோம். வளைவின் வெளிக்கரையை ஆறு அடியில் குடைகிறது. மேலே புல் பச்சையாகவே இருக்கும், கீழே மண் இருக்காது. மருதமரம் வேரோடு சாய்ந்த இடங்கள் அதற்கு அடையாளம். முதலைக்காக நீரில் கால் நனைப்பதும் நிறுத்தப்பட்டது. அறிவிப்புப் பலகையில் வெறுமனே 'பாதை' என்று எழுதியது இப்பக்கத்து மூத்தவர்களைக் குழப்பிவிட்டது. பாலங்கள் வருமுன் வாகனங்களையும் மக்களையும் ஏற்றிக் கடந்த மிதவையைத்தான் அவர்கள் 'பாதை' என்பார்கள். இனி எல்லாப் பலகையிலும் 'நடைபாதை' என்றே இருக்கும்.

சிரமதானங்களில் பெரும் உழைப்பு வடிகாலுக்கே போனது. முந்திய ஆண்டு மழைநீரைத் திருப்பப் பனங்குற்றிகளைப் பாதைக்கு நேர்குறுக்காகப் பதித்தது பிழை. நீர் குற்றியில் மோதி நின்று, வண்டலைக் கொட்டி, அதன் நுனியைச் சுற்றி அறுத்துக்கொண்டு ஓடியது. இப்போது குற்றியை 30 முதல் 45 பாகை சாய்வாக, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் இருக்கும்படி பதித்து, தாழ்ந்த நுனியைப் பாதை விளிம்புக்கு வெளியே நீட்டி, நீர் இறங்க வாய்க்காலும் வெட்டியுள்ளோம். ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் அந்த வாயைச் சுரண்டாவிட்டால் முழு வேலையும் வீண்.

பாதையில் போடும் கிறவலை, அதாவது சரளை மண்ணை, ஒரே தடவையில் தடிப்பாகக் கொட்டினால் மேல் மட்டும் இறுகும், உள்ளே இளக்கமாகவே கிடக்கும். இரண்டு படையாகப் போட்டு, ஒவ்வொன்றையும் தனியாகத் திமிசு போடவேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரு மீற்றருக்கு 2 சென்ரிமீற்றர் சரிவு விடுவது போதும். ஈரம் சரியா என்று அறிய, ஒரு பிடி கிறவலை உள்ளங்கையில் இறுக்கிப் பாருங்கள். உருண்டை நிற்கவேண்டும், விரலிடையில் நீர் கசியக் கூடாது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தெளித்த தண்ணீர் இறுகுமுன்பே காய்ந்து எல்லாம் தூசாகும், மாரியில் சேறாகும். முதல் மழைக்கும் அடைமழைக்கும் இடையிலுள்ள சில கிழமைகளே இவ்வேலைக்கு ஏற்றவை.

நடைக்கு வருவோர் இரண்டு மணிநேரத்துக்கு ஒரு லீற்றர் தண்ணீர் கொண்டுவரவேண்டும். நடைத்தலைவரின் பையில் ஜீவனி (நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) பைக்கற்றுகள் இருக்கும். ஒன்றை ஒரு லீற்றரில் முழுவதுமாகக் கரைக்கவேண்டும். பாதியைக் கரைத்து மீதியை மடித்து வைப்பது இவ்வாண்டும் நடந்தது. அப்படிச் செய்தால் உப்பின் அளவு கெட்டுவிடும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். அலவாங்கு, சவள், காட்டுக்கத்தி, திமிசுக்கட்டை ஆகியவை எண்ணிச் சரிபார்க்கப்பட்டுள்ளன. இரவல் கொண்டுபோன நீர்மட்டத்தை மட்டும், உரியவர் ஐப்பசி மழைக்குமுன் திருப்பித் தருமாறு கேட்டுக்கொண்டு, இவ்வறிக்கையைச் சபையின் ஏற்புக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்,
திருகோணமலை