ஓரடி பின்னால்

ஸ்காபரோ,
கார்த்திகை மாதம்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. மூத்தவளின் கலியாணம் மழைக்கு முந்தியே நல்லபடி நிறைவேறியது பெரிய ஆறுதல். நீ அனுப்பிய படங்களை இவள் வருகிற போகிற ஆக்கள் எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிசராகத் தெரிகிறார்கள். அம்மாவின் கண் சத்திரசிகிச்சை எப்படிப் போனது என்று அடுத்த முறை கட்டாயம் எழுது. இங்கே எல்லாரும் சுகம். சின்னவன் படிப்புக்கென்று வோட்டலூவுக்குப் போய்விட்டான். சனிக்கிழமைகளில் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

இனி நீ கேட்ட விஷயம். உங்கள் கழகத்து விக்கெட் காப்பாளருக்கு முப்பத்தைந்து வயதாகிறது, லெக் பக்கம் வருகிற பந்துகள் கையை விட்டுப் போகின்றன, இந்த வயதில் ஆளின் முறையை மாற்றப் பார்ப்பதா, அல்லது இருக்கிறபடியே விட்டுவிடுவதா என்று கேட்டிருந்தாய். உன் கேள்வி வந்த நேரம்தான் அதிசயம். இந்தக் குளிர்காலம் நானே ஐஸ் ஹொக்கியில் என் கோல் காப்பு முறையை அடியிலிருந்து மாற்றிக்கொண்டிருக்கிறேன். என் கோச், பல்கலைக்கழக அணியில் கோல் காத்த ஒரு பெண்பிள்ளை. என் மகளின் வயதுதான் இருக்கும். பெரிய ஆக்களின் இரவு லீக் முடிந்த பிறகு, ஐஸைத் துடைக்கிற வண்டி வருமுன், எனக்கென்று கொஞ்ச நேரம் ஒதுக்குகிறார். ஆகவே என் பதில் இதுதான்: மாற்றலாம். ஆனால் கையில் தொடங்காதே. அவன் எங்கே நிற்கிறான் என்பதில் தொடங்கு.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு உனக்கு ஒரு கதை சொல்லவேண்டும். ரொபேர்ட்டோ லுவாங்கோ என்று ஒரு கோலி, அதாவது ஐஸ் ஹொக்கிக் கோல் காப்பாளன். மொன்றியலில் பிறந்தவன், 6 அடி 3 அங்குல உயரம். 2010 மாசியில் வன்கூவர் ஒலிம்பிக்கில் அமெரிக்காவை 3-2 என்று மேலதிக நேரத்தில் வென்று கனடா தங்கம் எடுத்தபோது வலையில் நின்றது அவன்தான். ஆனால் அவனுடைய சொந்த அணி வன்கூவர் கனக்ஸ், 2009-லும் 2010-லும் பிளேஓஃப் என்கிற, பருவ முடிவில் கிண்ணத்துக்காக நடக்கிற ஆட்டங்களின் இரண்டாம் சுற்றில் சிக்காகோவிடம் தோற்று வீட்டுக்குப் போனது. அந்தக் கோடையில் அணி ஒரு புதுப் பயிற்றுநரைக் கொண்டுவந்தது. பெயர் றோலி மெலன்சன். அவரும் ஒரு காலத்துக் கோலி. எண்பதுகளின் தொடக்கத்தில் நியூயோர்க் ஐலண்டர்ஸ் அணியோடு மூன்று முறை ஸ்ரான்லி கிண்ணம், அதாவது வட அமெரிக்க ஹொக்கி லீக்கின் கிண்ணம் கண்டவர். வந்தவர் லுவாங்கோவின் கையைத் தொடவில்லை, காலைத் தொடவில்லை. முதலில் அவனைப் பின்னால் போய் நில் என்றார்.

யோசித்துப் பார். ஒலிம்பிக் தங்கம் கழுத்தில் ஏறி ஒரு வருடம்கூட ஆகவில்லை, வயது முப்பத்தொன்று. அந்த மனிசன் சின்னப் பிள்ளையைப்போல எங்கே நிற்பது என்று திரும்பப் படிக்கிறான். அணித்தலைவர் பொறுப்பையும் அந்தப் புரட்டாதியிலேயே விட்டுக்கொடுத்தான். எனக்கு அவன்மேல் மதிப்பு வந்தது அந்த வருடத்தில்தான், தங்கம் வென்ற நாளில் அல்ல.

பின்னால் நிற்பதில் என்ன இருக்கிறது என்று கேட்பாய். ஐஸ் ஹொக்கி வலை 6 அடி அகலம், 4 அடி உயரம். அதற்கு முன்னால் நீல நிறம் பூசிய ஓர் அரைவட்டம். பக் என்கிற அந்த இறப்பர் வட்டு 170 கிராம் வரும். கோலி வலையை விட்டு எவ்வளவுக்கு வெளியே வருகிறானோ, அடிக்கிறவனுக்கு வலை அவ்வளவுக்கு மறையும். அதனால் வெளியே வருவதுதான் துணிச்சல் என்று எல்லாருக்கும் படும். ஆனால் அடிக்கிறவன் அடிக்காமல் பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தள்ளிவிட்டால்? வெளியே வந்த ஒவ்வோர் அடிக்கும் பக்கவாட்டில் கூடுதலாக ஓடவேண்டும். உள்ளே நிற்கிறவனுக்கு அந்தத் தூரம் குறைவு. லுவாங்கோவைப்போல உயரமானவன் வெளியே வராமலே வலையை நிரப்புவான். பிறகு ஏன் ஓடுவான்? மெலன்சனின் கணக்கு இவ்வளவுதான். உள்ளே நில், குறைய அசை, பக் வரும்போது உடம்பு நின்றுவிட்டிருக்கட்டும்.

அந்த 2010-11 பருவத்தில் அவன் 38 ஆட்டம் வென்றான், நூறு ஷொட்டில் கிட்டத்தட்ட 93-ஐத் தடுத்தான், சிறந்த கோலிக்கான வெசினா விருதின் கடைசி மூன்று பேரில் ஒருவனாக வந்தான். அணி 117 புள்ளியோடு முழு லீக்கிலும் முதலாவது.

என் கோச் இதையே எனக்குக் கயிற்றால் காட்டினார். இரண்டு கம்பத்திலும் ஒவ்வொரு கயிற்றைக் கட்டி, இரண்டின் மறு நுனியையும் பக் இருக்கிற இடத்துக்குக் கொண்டுவந்து ஒன்றாக முடிந்தார். நான் இரண்டு கயிற்றுக்கும் நடுவில் நிற்கவேண்டும். கயிறு என் பாட்களின் வெளி ஓரத்தில் முட்டினால் அந்தப் பக்கம் மூடியிருக்கிறது. முட்டாவிட்டால் அவ்வளவு இடம் திறந்து கிடக்கிறது. பிறகு என்னை விலகச் சொல்லிவிட்டு, என் ஸ்ரிக்கையும் முகமூடியையும் என் இடத்தில் நிறுத்தி, பக் கிடந்த இடத்தில் என்னைக் குப்புறப் படுத்துப் பார்க்கச் சொன்னார். தாடை ஐஸில் முட்ட, குளிர் பல்லுக்குள் ஏறியது. ஆனால் அங்கிருந்து பார்த்தபோதுதான் எல்லாம் விளங்கியது. நின்றுகொண்டு பார்த்தால் தோளுக்கு மேல் பெரிய இடைவெளி தெரியும். தரையில் கிடக்கிற பக்கிலிருந்து பார்த்தால் அதில் பாதிகூட இல்லை. பக் வருவது தரையிலிருந்து. நாங்கள் ஆறடி உயரத்திலிருக்கும் கண்ணை நம்பி நிற்கிறோம்.

ஆனால் லுவாங்கோவுக்குச் செய்ததை எனக்கு அப்படியே செய்ய அவர் மறுத்துவிட்டார். நான் ஐந்தடி ஏழு. அவனளவு உள்ளே நின்றால் மேல் மூலை இரண்டும் திறந்துவிடும். எனக்கு அவர் சொன்ன முறை வேறு: பாஸ் போகக்கூடிய ஆள் பக்கத்தில் நின்றால் உள்ளே இரு, ஆள் இல்லையென்றால் வெளியே வா. ஆகவே ஒவ்வொரு முறையும் பக்கைப் பார்க்க முந்தி ஒரு கணம் மைதானத்தைப் பார்க்கவேண்டியிருக்கிறது. இதை நீயும் உன் காப்பாளனிடம் யோசி. அவன் உயரம் என்ன, பந்துவீசுகிறவர்கள் எவ்வளவு வேகம், யாருக்கு ஸ்ரம்புக்குக் கிட்ட நிற்கிறான், யாருக்குத் தள்ளி நிற்கிறான்? ஒருவனுடைய தீர்வை இன்னொருவனுக்குப் பொருத்தமுடியாது.

லுவாங்கோவின் கதை இன்னும் முடியவில்லை. 2011 கிண்ண இறுதிப் போட்டியில் எதிரே பொஸ்ரன், நான்கு ஆட்டம் முதலில் வெல்கிறவருக்குக் கிண்ணம். அவர்களின் கோலி ரிம் தோமஸ், 37 வயது, லுவாங்கோவுக்கு நேர்மாறு: வலையை விட்டு வெளியே பாய்ந்து வந்து பக்கைச் சந்திக்கிற ஆள். ஐந்தாவது ஆட்டத்தில் மூன்றாம் பகுதி தொடங்கும்வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. கனக்ஸின் கெவின் பியெக்சா அடித்தது வலைக்கு வெளியே போய்ப் பின்சுவரில் பட்டு, மறுபக்கம் நின்ற மக்சிம் லப்பியேரிடம் வந்தது. தோமஸ் வெளியே வந்து நின்றதால் திரும்பி வந்துசேர நேரம் போதவில்லை. 1-0. ஆட்டம் முடிந்த பிறகு லுவாங்கோவிடம் கேட்டபோது, நீலத்துக்குள் நிற்கிற எனக்கு அது இலகுவான தடுப்பு, அவரைப்போல வெளியே அலைந்தால் அப்படித்தான் நடக்கும், ஆனால் நான் தடுக்காத சிலவற்றை அவர் தடுப்பார் என்கிற பொருளில் சொன்னான். பத்திரிகைகள் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டன. ஏதோ எதிராளியை இளக்காரம் பண்ணிவிட்டான் என்று ஊர் முழுக்கக் கதை. எனக்கு அப்படிப் படவே இல்லை. ஒரு வருடமாக மெலன்சனோடு இருந்து படித்த பாடத்தைத்தான் அவன் ஒப்புவித்தான். அதில் நியாயமும் இருந்தது, தோமஸுக்கு மதிப்பும் இருந்தது.

பிறகு நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது. பொஸ்ரனில் நடந்த ஆறாவது ஆட்டத்தில் ஒன்பது நிமிடம் ஆகுமுன் மூன்று கோல் வாங்கி வெளியே எடுக்கப்பட்டான். ஆனி 15-ஆம் திகதி வன்கூவரில் கடைசி ஆட்டம், 4-0 தோல்வி. பொஸ்ரனில் அவன் நின்ற மூன்று ஆட்டமும் மோசம்தான், மறைக்கமுடியாது. ஆனால் ஏழு ஆட்டத்தில் கனக்ஸ் போட்ட கோல் மொத்தம் எட்டு. எட்டுக் கோலை வைத்துக்கொண்டு எந்தக் கோலியும் கிண்ணம் தூக்கமாட்டான். முறையை மாற்றியதால் தோற்றான் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. மாற்றியதால்தான் அவன் அந்த இறுதி வரைக்கும் வந்தான், அதில் இரண்டு ஆட்டத்தை ஒரு கோலும் விடாமல் 1-0 என்று வென்றும் கொடுத்தான். 489 வெற்றியோடு 2019-இல் ஓய்வு பெற்றான். 2022-இல் ஹொக்கி புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள்.

நிற்கிற இடத்துக்கு அடுத்தது தலை. டெவன் டப்னிக் என்று இன்னொருவன், 6 அடி 6 அங்குலம். 2013-14-இல் ஒரே பருவத்தில் எட்மன்ரன், நாஷ்வில், மொன்றியல் என்று கை மாறி, கடைசியில் கீழ் லீக்கில் ஹமில்ரனில் ஆடிக்கொண்டிருந்தான். ஆள் முடிந்தான் என்றே பேச்சு. அடுத்த பருவம் அரிசோனாவில் ஷோன் பேர்க் என்ற பழைய கோலியின் கீழ் ஒரு வருட ஒப்பந்தம். அந்தக் காலத்தில் அவன் மாற்றியது பெரும்பாலும் ஒன்றுதான்: உடம்பு போக முந்தித் தலை பக்கின் பாதைக்குப் போகவேண்டும். பக் எங்கே போனாலும் முதலில் கண், பிறகு தலை, அதற்குப் பிறகுதான் தோளும் காலும். 2015 தையில் மினசோட்டாவுக்கு மாறியவன் அங்கே 38 ஆட்டம் தொடர்ந்து தொடக்கத்திலிருந்து ஆடினான், அணியைப் பிளேஓஃபுக்குக் கொண்டுபோனான், விடாமுயற்சிக்கான மாஸ்ரர்ரன் விருதும் எடுத்தான்.

இது சொல்ல இலகு. செய்யப் பார்த்தால் வலு கஷ்டம், மச்சான். பக் இடப்பக்கம் போகும்போது என் தோள் தலையை முந்திக்கொண்டு திரும்பும். முழங்காலில் விழுந்து எழும்பும்போது எந்தப் பக்கம் போகவேண்டுமோ அதற்கு மறுபக்கக் கால் முதலில் எழவேண்டும். எனக்கோ பக் எங்கே கிடந்தாலும் இடது கால்தான் எழும். எண்பதுகளின் கடைசியில் நான் இங்கே வந்து பழகியபோது பாதிப் பேர் நின்றபடியே காலால் உதைத்துத் தடுக்கிற காலம். பற்றிக் றுவாவும் அவரைப் பயிற்றுவித்த பிரான்சுவா அலேரும் முழங்காலில் விழுந்து இரண்டு காலையும் பக்கவாட்டில் விரித்துத் தடுக்கிற பட்டர்பிளை முறையை மொன்றியலில் ஊன்றிக்கொண்டிருந்தார்கள், ஆனால் எங்கள் பள்ளிக்கூட ஐஸ் வரைக்கும் அது வந்துசேரவில்லை. அந்தப் பழக்கம் இவ்வளவு வருடம் என் எலும்போடு ஒட்டியிருக்கிறது. அதனால் கோச் பக்கே இல்லாமல் பயிற்சி தருகிறார். கையை நீட்டிக் காட்டுவார், அந்தத் திசைக்கு முதலில் தலை, பிறகு சரியான கால். வியர்த்து ஊற்றும், ஒரு ஷொட்கூட வந்திருக்காது. இப்போது கொஞ்சம் கொஞ்சமாக உடம்பு கேட்கத் தொடங்கியிருக்கிறது. ஒரு ஆட்டத்தில் அது யோசிக்காமலே நடந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை உனக்குத்தான் சொல்லமுடியும்.

உன் ஆளின் லெக் பக்கப் பிரச்சினையும் கையில் இல்லை என்றே நினைக்கிறேன். கையுறை மட்டும் பந்தைத் தேடிப் போகிறதா, தலை நடு ஸ்ரம்பிலேயே நிற்கிறதா என்று பார். இன்னொன்று, அவன் நாரியையும் முழங்காலையும் ஒரு வைத்தியரிடம் காட்டு. முப்பத்தைந்து வயதில் குந்தியிருந்து பக்கவாட்டில் தள்ளுகிறவனுக்கு இடுப்பு இறுகியிருந்தால், நீ என்ன சொல்லிக் கொடுத்தாலும் உடம்பு செய்யாது. பட்டர்பிளைக் கோலிகளின் இடுப்பு மூட்டுப் படுகிற பாடு சொல்லமுடியாது. லுவாங்கோவுக்கே 2016-இல் அங்கே அறுவைச் சிகிச்சை செய்யவேண்டி வந்தது.

மழை விடும்வரை உனக்கு நேரம் இருக்கிறது, அதை வீணாக்காதே. போட்டி தொடங்கிய பிறகு மாற்றப் போனால் ஒரு பிடி தவறியதும் அவன் பழைய முறைக்கு ஓடிவிடுவான். இப்போதே தொடங்கு. அவனுக்கு இயல்பாக வருகிறதைத் தொடாதே. ஓஃப் பக்கம் நன்றாகப் பிடிக்கிறான் என்று நீயே எழுதியிருக்கிறாய், அது அப்படியே இருக்கட்டும். முதல் இரண்டு மூன்று ஆட்டத்தில் பந்து விட்டாலும் அவன் இடத்தை எடுக்கமாட்டேன் என்று கழகத்து ஆக்களுக்கு முன்னால் வாய் திறந்து சொல். பயந்துகொண்டு யாராலும் புதிதாக ஒன்றைப் பழகமுடியாது.

பயிற்சியை வீடியோ எடுத்து எனக்கு அனுப்பு. பக்கத்தில் நின்று எடுக்காதே. பந்துவீச்சாளரின் முனையில், தரையோடு தரையாக வைத்து எடு, தலை எப்போது அசைகிறது என்று தெரியவேண்டும். பங்குனியில் பெரும் போர் கிரிக்கெட் ஆட்டம் பார்க்க வர ரிக்கெட் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். சரிவந்தால் அவனோடு ஒரு பின்நேரம் வலைப்பயிற்சியில் நிற்கலாம், கயிறும் நானே கொண்டுவருகிறேன்.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

உன் அன்பு நண்பன்