ஜாமீன் கிடைத்தும் உள்ளேயே இருப்பவர்களுக்காக: நீதித்துறை நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு நீதித்துறை நடுவர்களுக்கு,

வணக்கம். திருப்பூர்ப் பக்கம் ஒரு வக்கீலிடம் 19 வருஷமாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். ஜாமீன் மனுவை டைப் அடிப்பதிலிருந்து, உத்தரவு வந்தபின் ஜாமீன்தாரர்களைக் கூட்டிவந்து நிறுத்துவது வரை என் வேலை. கோர்ட்டில் எழுந்து நின்று பேச எனக்கு இடமில்லை, அதனால் எழுதுகிறேன்.

மனு விசாரணைக்கு வரும்போது நீங்கள் எதையெல்லாம் பார்க்கிறீர்கள் என்று தெரியும். குற்றம் எவ்வளவு பெரியது, பழைய வழக்கு உண்டா, வெளியே விட்டால் தலைமறைவாவாரா, சாட்சியை மிரட்டுவாரா. அரசுத் தரப்பு வக்கீலான ஏ.பி.பி. ஆட்சேபிப்பார், எங்கள் வக்கீல் பதில் சொல்வார். அதில் எனக்குப் பெரிய குறையில்லை. என் மனக்குறை உத்தரவின் அடுத்த வரியில் இருக்கிறது: 'தலா பத்தாயிரம் ரூபாய்க்கு இரு நபர் ஜாமீன், அதில் ஒருவர் ரத்த உறவினர்.'

பனியன் கம்பெனியில் வேலை பார்த்த பீகார் பையன் ஒருவன், செல்போன் திருட்டு வழக்கில் ரிமாண்ட் ஆனான். 11-ஆம் நாள் ஜாமீன் கிடைத்தது. அவன் வெளியே வந்தது 53-ஆம் நாள். இடையில் அவனுடைய அண்ணன் ரயிலேறி வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஆதார் கார்டும் ஊர் நிலத்துக்கான ஹிந்திக் காகிதமும். கோர்ட் ஆபீசில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். உள்ளூர்ச் சொத்து வேண்டும், வீட்டு வரி ரசீது கொண்டு வா என்றார்கள். லைன் வீட்டில் ஆறு பேரோடு தங்கியிருந்த பையனுக்காக எந்த வீட்டுக்காரர் ரசீதைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கு வருவார்? நான்கு நாள் வராந்தாவில் உட்கார்ந்திருந்துவிட்டு அண்ணன் ஊருக்குப் போய்விட்டார். அப்புறம் நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு மனுப் போட்டோம், வேறு ஜாமீன்தாரர் கேட்காமல் அவனுடைய சொந்த ஜாமீனில் விட்டார்கள். அதை முதல் நாளே செய்திருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

1978-இல் மோதி ராம் வழக்கிலும் இதேதான் நடந்தது. மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் அவர். நடுவர் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். சகோதரர் ஜாமீன் நிற்க முன்வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதென்று ஏற்க மறுத்தார். உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர், ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். ஒரு தமிழரோ மலையாளியோ பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ கைதானால் என்ன செய்வார் என்று அந்தத் தீர்ப்பில் கேட்டார். அன்றைக்கு அவர் நம் ஆட்களுக்காகவும் கேட்ட கேள்வி அது. இன்றைக்கு நம் ஊர் கோர்ட் வராந்தாவில் பீகார்க்காரர் உட்கார்ந்திருக்கிறார்.

2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. விடுதலை தாமதமாவதற்கு உள்ளூர் ஜாமீன்தாரர் கேட்பது ஒரு காரணம் என்றது. ஜாமீன் உத்தரவு வந்து ஏழு நாளில் கைதி வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் ஜாமீன் பத்திரம் தாக்கலாகாவிட்டால், நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து நிபந்தனையை மாற்றலாமா என்று பார்க்கலாம். நம்மிடம் வரும் கைதிகளில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மனுப் போட வக்கீல் இல்லாதவர் 53-ஆம் நாளும் வெளியே வரமாட்டார்.

தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்ற நிபந்தனையும் அப்படித்தான். அந்த நேரத்தில் கையெழுத்துக்குப் போய் நிற்பவருக்கு எந்த கம்பெனி ஷிப்ட் கொடுக்கும்? வாரத்துக்கு ஒரு நாள் போதுமா என்று யோசியுங்கள்.

அந்த 'இரு நபர் ஜாமீன்' வரியை எழுதுவதற்கு முன்னால், எதிரே நிற்பவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். இங்கே உனக்கு யார் இருக்கிறார்கள்? எவ்வளவு சம்பாதிக்கிறாய்? எங்கே தங்கியிருக்கிறாய்? தமிழ் தெரியாதென்றால் தெரிந்த ஒருவரை வைத்துக் கேளுங்கள். பதிலைக் கேட்டபின் தொகையை எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வக்கீல் குமாஸ்தா