கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலுச்சாமிக்கு

அன்புள்ள மாப்பிள்ளை வேலுச்சாமிக்கு,

பொங்கலுக்கு எழுதுகிறேன் என்றவன் சித்திரை தாண்டி எழுதுகிறேன். திட்டுவதைப் போனில் திட்டிக்கொள். அம்மாவுக்கு முழங்கால் தேவலை. தென்னையில் மறுபடியும் வெள்ளை ஈ. உன் ‘ஜமீன்’ இன்னும் சித்தூர்க் கடையில் உன் பேரில்தான் கணக்கு வைக்கிறான்.

சரி, விஷயம் நம் தங்கராசு மகள் கௌசல்யா. ஏற்பி, அதாவது உடலில் மருந்து போய் ஒட்டும் இடம், அந்த ஆராய்ச்சியில் பிஎச்டி செய்கிறாள் அல்லவா? போன ஞாயிறு வந்தாள். ஆப்பத்தைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டாள். அவளுடைய கைடு, “பெஞ்சு வேலையை ஓரங்கட்டு, ரிவ்யூ கட்டுரைகளாக எழுது, சைட்டேஷன் ஏறும்” என்கிறாராம். சோதனையை விட்டுவிட்டு மற்றவர்கள் ஆராய்ச்சியைத் தொகுத்து எழுது, மேற்கோள் கணக்கு ஏறும் என்று அர்த்தம். அதற்கு உதாரணமாக அவர் காட்டியது யாரைத் தெரியுமா? அமெரிக்க மூளை ஆராய்ச்சியாளர் சாலமன் ஸ்னைடரை! எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

ஆராய்ச்சியாளரை மேற்கோள் கணக்கால் அளக்கும் எச்-இண்டெக்ஸைக் கண்டுபிடித்த இயற்பியலாளர் ஹிர்ஷ், 2005 கட்டுரையிலேயே உயிரியலில் முதலிடம் கொடுத்தது ஸ்னைடருக்குத்தான்: 191. அதாவது, ஒவ்வொன்றும் குறைந்தது 191 முறை மேற்கோள் காட்டப்பட்ட 191 கட்டுரைகள். இயற்பியலில் முதலில் நின்ற எட்வர்ட் விட்டனுக்கே 110தான். துறைக்குத் துறை மேற்கோள் பழக்கம் வேறு, ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள் என்று ஹிர்ஷே எச்சரித்திருக்கிறார். அதை யார் படிக்கிறார்கள்? நம்பரை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த 191 எப்படி வந்தது என்பதைத்தான் அவளிடம் ராத்திரி வரை சொல்லிக்கொண்டிருந்தேன். 1973இல் ஸ்னைடரின் ஆய்வகத்தில் கேண்டஸ் பெர்ட் என்ற மாணவி எலி மூளையை அரைத்து, மார்ஃபினை முறிக்கும் நலாக்சோன் மருந்தைக் கதிரியக்கம் ஏற்றிச் சேர்த்து, கண்ணாடியிழை வடிதாளில் ஊற்றி, பம்ப் வைத்து உறிஞ்சி, பனிக்கட்டிக் குளிர்ச்சியில் கழுவினாள். உனக்கு நம் பம்ப் ஞாபகம் வருமே! கழுவுவதில் தாமதித்தால் ஏற்பியில் ஒட்டிய மருந்தும் போய்விடும். கழுவாவிட்டால் ஒட்டாததும் சேர்ந்து எண்ணப்படும். லெவார்ஃபனால் என்ற மார்ஃபின் வகை வலிமருந்து நலாக்சோனைத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடித்தது. அதன் கண்ணாடிப் பிம்ப மூலக்கூறான டெக்ஸ்ட்ரார்ஃபன் சும்மா நின்றது. ஓபியேட் எனும் இந்த மார்ஃபின் வகை மருந்துக்கென்றே ஓர் இடம் மூளையில் உண்டு என்று அத்தோடு தெரிந்துபோயிற்று. அதே வருடம் எரிக் சைமனும் லார்ஸ் டெரினியஸும் தனித்தனியாக அதையே காட்டினார்கள்.

அதற்கப்புறம் அந்த முறையை எந்த ஏற்பிக்கும் வைத்துப் பார்க்கலாம் என்றாயிற்று. 1976இல் கிரீஸ், டேவிட் பர்ட் (இவர் வேறு, பெர்ட் அல்ல) ஆகியோரோடு ஸ்னைடர் போட்ட கட்டுரையின் முடிவை உன் மருந்துக் கடையிலேயே பார்க்கலாம். ஹாலோபெரிடால் 5 மில்லிகிராம் மாத்திரை, குளோர்புரோமசின் 100 மில்லிகிராம். ஏன் இந்த வித்தியாசம்? டோபமைன் ஏற்பியில் கெட்டியாக ஒட்டும் மருந்துக்குக் கொஞ்சம் போதும், லேசாக ஒட்டுவதற்கு நிறைய வேண்டும். மனச்சிதைவு மருந்தின் டோஸைச் சோதனைக் குழாயிலேயே ஓரளவு சொல்லிவிடலாம் என்றால் உலகம் மேற்கோள் காட்டாமல் என்ன செய்யும்? ஊர் முழுக்கத் தண்ணீர் எடுக்கும் கிணறு அது. தேய்ந்த கயிற்றை எண்ணிக் கிணற்றுக்கு மதிப்புப் போடலாம். கயிற்றைத் தேய்த்தால் தண்ணீர் ஊறுமா?

இன்னொன்றும் சொன்னேன், அவள் முகம் மாறியது. 1978இல் லாஸ்கர் என்ற பெரிய அமெரிக்க மருத்துவ விருது இந்த ஓபியேட் ஆராய்ச்சிக்காக ஸ்னைடருக்கும், ஹியூஸுக்கும், காஸ்டர்லிட்ஸுக்கும். வடிதாளைக் கழுவிய பெர்ட்டுக்கு இல்லை. பெர்ட் சும்மா இருக்கவில்லை, பகிரங்கமாகக் கேட்டார். ஸ்னைடர் பெரிய ஆள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பெரிய பட்டியலில் கை யாருடையது என்று நம்பர் சொல்வதில்லை. கௌசல்யா இப்போது நிற்பது பெர்ட்டின் இடத்தில், கைடு காட்டுவது ஸ்னைடரின் இடத்தை.

நீ தங்கராசுவிடம் பேசு. நான் பேசினால் வாத்தியார் புராணம் என்பான். நீ பேசினால் கடைக்காரன் பேச்சு என்று கேட்பான். கௌசல்யாவின் பைண்டிங் அளவுகள், அதாவது மருந்து ஏற்பியில் ஒட்டும் கணக்கு, நன்றாக வருகின்றன, நானே பார்த்தேன். முதலில் அதை முடிக்கட்டும், ரிவ்யூ எங்கேயும் ஓடிவிடாது. கைடோடு சண்டை வேண்டாம், கமிட்டியில் இருக்கும் இன்னொருவரிடம் அவளே சொல்லட்டும்.

உன் பரணில் நம் பழைய பிராக்டிகல் நோட்டு இருந்தால் எடுத்து வை, அவளுக்குக் காட்ட வேண்டும். உன் கையெழுத்து புரியாது, அதனால் என்னுடையது. அப்புறம், கோபாலபுரம் வழியாக வராதே, ரோடு தோண்டிப் போட்டிருக்கிறார்கள். மீனாட்சிபுரம் சுற்றி வா.

அன்புடன்,
ராமநாதன்